நூல் சுற்றிய மோதிரம்

கடற்கரையில் எனக்குக் கொக்கு என்று பெயர். முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்திரண்டு வருஷம் உழைத்தபோது ஒருவரும் எனக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை. ஓய்வுபெற்று, ஒரு மெட்டல் டிடெக்டரையும் நீளக் கைப்பிடி வைத்த சல்லடைக் கரண்டியையும் வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிய மூன்றாம் நாளே டீக்கடைக்காரர் வைத்துவிட்டார்.

குளிக்க வருகிறவர்கள் தொலைத்த நகையைத் தேடிக் கொடுப்பேன். யார் வந்தாலும் மூன்று கேள்வி. தண்ணீர் முழங்கால் வரைக்கும் இருந்ததா, இடுப்பு வரைக்குமா? அப்போது மணி என்ன? மூன்றாவதுதான் முக்கியம். மோதிரம் இறுக்கமாக இருந்ததா, தொளதொளவென்று இருந்ததா? இறுக்கமான மோதிரம் கையை வீசும்போதுதான் கழன்று தெறிக்கும். எங்கேயோ போய் விழும். தொளதொள மோதிரம் நின்ற இடத்திலேயே, காலடியில் விழும். அரை மணியில் எடுத்துவிடலாம்.

அன்று காலையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், முகம் கடுகடுவென்றிருந்தது. அவள் அந்த வெயிலிலும் துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"கல்யாண மோதிரம் சார். நேத்து சாயங்காலம் இங்கதான் நின்னுட்டிருந்தா. கவனம்னா கிலோ என்ன விலைன்னு கேக்கறவ" என்றான்.

"இறுக்கமா இருந்துச்சா, லூசாவா?"

"இறுக்கமாத்தான்..." என்று அவன் ஆரம்பித்தான்.

"லூசுதான் அங்கிள். ஒரு ஆறு மாசமா" என்றாள் அவள்.

"அப்ப காலடியிலதாம்மா கிடக்கும். நேத்து எங்க நின்னீங்களோ அங்க போய் நில்லுங்க."

அவள் கரையில் இருந்த மின்கம்பத்தையும் குளியலறைக் கதவையும் பார்த்து, இரண்டடி தள்ளி, மறுபடி ஒரு அடி பின்னால் வந்து நின்றாள். இப்படி நினைவு வைத்திருக்கிறவளையா கவனமில்லாதவள் என்கிறான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவளைச் சுற்றி வந்தேன். ஒரு பாட்டில் மூடி வந்தது. இன்னொரு பாட்டில் மூடி வந்தது. பிறகு மெல்லிய, தயங்காத ஒரு சத்தம். கரண்டியை விட்டு அள்ளி, மணலைத் தண்ணீரில் அலசினேன். சல்லடையில் மோதிரம் கிடந்தது.

அடிப்பக்கத்தில் சிவப்பு நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

ஹெட்போனைக் கழற்றினேன்.

நாலு வருஷத்துக்கு முன்பு, சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கத் தண்ணீருக்குள் வந்த என் மனைவியின் மோதிரமும் இப்படித்தான் விழுந்தது. வாடிக்கையாளரிடம் கேட்பதுபோலவே அவளிடமும் விளையாட்டாகக் கேட்டேன். "லூசுதான் சார்" என்று அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள். பன்னிரண்டு நிமிஷத்தில் எடுத்தேன். டீக்கடைக்காரரிடம் போய் அரை நாள் பெருமையடித்தேன். வீட்டுக்கு வந்து வெள்ளை நூல் எடுத்துப் பத்துச் சுற்று சுற்றி அவள் விரலில் போட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் அதுவும் தொளதொளத்தது. "இன்னும் நாலு சுத்து சுத்துங்க" என்று கையை நீட்டினாள். பிறகும் அப்படியே மூன்று தடவை நீட்டினாள். சுற்றினேன். முப்பது வருஷமாகச் சோப்புப் போட்டு உருட்டினாலும் கழலாத மோதிரம் ஏன் கழன்றது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அது லூசு என்பது எனக்குத் தேடுகிற இடத்தைச் சொல்லும் சமாசாரம், அவ்வளவுதான்.

ஏழு மாதம் கழித்து டாக்டர், "எப்ப இருந்து மெலிஞ்சுட்டு வராங்க?" என்று கேட்டார். எனக்குத் தேதியே தெரியும். கண்டெடுத்ததையெல்லாம் எழுதும் நோட்டில் இருந்தது. வயிற்றில் கட்டி, அப்போதே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்றார். நாற்பது நாளில் போய்விட்டாள்.

"கிடைச்சுதா சார்?" என்றான் அவன்.

மோதிரத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். "கிடைச்சுது. தரமாட்டேன்."

"என்னது?"

"இந்தம்மாவ நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டு. எடை ஏன் குறையுதுன்னு பாக்கச் சொல்லு. அந்த ரிப்போர்ட்டோட வா, தரேன்."

"அவ டயட்ல இருக்கா சார்! உங்களுக்கென்ன வந்துச்சு? பெரிய மனுஷன்னு பாக்கறேன். இது திருட்டு!"

"திருட்டுதான். போ, போலீஸ்ல சொல்லு."

அவன் என் சட்டையைப் பிடித்துவிட்டான். டீக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடிவந்து, "கொக்கு சார், என்ன சார் இது, இத்தனை வருஷப் பேரைக் கெடுத்துக்காதீங்க" என்று என்னைத்தான் இழுத்தார். நான் கையைத் திறக்கவில்லை.

அவள் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷனின் தோளைத் தொட்டாள்.

"வாங்க போலாம். அங்கிள்கிட்டயே இருக்கட்டும்." அவனைப் பார்த்து, "நான் டயட்ல இல்லைங்க. சாப்பிட முடியல. உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு" என்றாள்.

அவன் கை என் சட்டையிலிருந்து தானாக விழுந்தது.

மூன்று வாரம் அந்த மோதிரம் என்னிடமே கிடந்தது. போலீஸ் வரவில்லை. அவர்களும் வரவில்லை. வராமல் போனால் யாரிடம் போய்க் கேட்பேன் என்று தவித்தேன். பெயரைக்கூடக் கேட்டு வைக்காத என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

ஒரு வியாழக்கிழமை அவன் தனியாக வந்தான். ஷூவைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் நடந்து வந்து, ஒரு ஃபைலை நீட்டினான். என் கை ஈரமாக இருந்ததால் வாங்கவில்லை.

"நீயே சொல்லு தம்பி."

"கட்டி சார். திங்கக்கிழமை ஆபரேஷன். முடியும்ங்கறார் டாக்டர். முழுசா எடுத்துடலாமான்னு திறந்து பாத்தாத்தான் தெரியுமாம்." அவன் உதடு கோணியது. "எப்ப இருந்து மெலிஞ்சாங்கன்னு கேட்டார் சார். அந்த நூலை நான்தான் சுத்தினேன். நாலு மாசம் முன்னாடி. என் கையாலதான் சுத்தினேன்."

"தெரியும்" என்றேன். "நானும்தான் சுத்தினேன்."

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் தண்ணீரிலேயே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் முதுகில் ஈரக் கையை வைத்துக்கொண்டு நானும் அழுதேன். டீக்கடைக்காரர் வரவில்லை, அந்தப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கண்டெடுத்த நாள் முதல் தினமும் சட்டைப்பையில் வைத்து எடுத்துவந்த மோதிரத்தை அவன் கையில் கொடுத்தேன். அவன் நகத்தால் அந்த நூலைப் பிய்க்கப் பார்த்தான். நான் விரலைப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கட்டும். இப்ப அவிழ்த்தா மறுபடி விழும். உடம்பு தேறட்டும். ஒவ்வொரு சுத்தா அவங்களையே அவிழ்க்கச் சொல்லு."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். திங்கட்கிழமை நான் தண்ணீரில் இறங்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து, பீரோவிலிருந்து என் மனைவியின் மோதிரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வெள்ளை நூல் பழுத்து மஞ்சளாகிவிட்டது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு சுற்று. ஒவ்வொரு தடவை நூல் சுற்றும்போதும் அவள் விரலைக் கையில் பிடித்திருக்கிறேன்.