அங்கப்பன் கிளம்பிவிட்டார்

1

இந்தக் கதை என் வீட்டு மோட்டார் பழுதானதில் பிறந்தது. கம்பெனிக்குப் போன் செய்தேன். "ஆள் கிளம்பிட்டாருங்க" என்றது ஒரு பெண்குரல். அவர் இன்றுவரை கிளம்பிக்கொண்டே இருக்கிறார். பழிவாங்க எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "பெரியநாயக்கன்பாளையத்தின் மீது விடியல் தன் பொற்கரங்களை நீட்டி..."

(வேண்டாம். கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

2

அந்தக் குரலுக்குப் பொற்கொடி என்று பெயர் வைத்தேன். ஞாயிறுதோறும் போத்தனூர் கிறிஸ்தவ சபையில் வேதபாடம் வாசிப்பவள். மற்ற நாட்களில் பெரியநாயக்கன்பாளையத்து மோட்டார் கம்பெனியில் போன் எடுப்பவள். கம்பெனி தன் மெக்கானிக்குகளை எல்லாம் வேலையை விட்டு அனுப்பிவிட்டது. போனை மட்டும் வைத்துக்கொண்டது. வரவேற்பறையில் 'நேர்மையே எங்கள் மூச்சு' என்ற பலகை, பிளாஸ்டிக் மாலையுடன். மூச்சு நின்றவர்களின் படத்துக்குத்தான் இப்படி மாலை போடுவார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மேலாளர் அருள்குமார் அதே சபையின் கமிட்டிச் செயலாளர்.

"ஆளே இல்லாம வாராருன்னு எப்படிங்க சார் சொல்றது? பொய்யில்லீங்களா?"

"காணாததை நம்பறதுதானுங்க அம்மணி விசுவாசம். கஸ்டமருக்கும் கொஞ்சம் இருக்கட்டுமே."

வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம்தான். சொன்னாள்.

3

கொங்கு நாட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம். வருகிற ஆள் யாரு, எந்த ஊரு என்று கேட்காமல் போனை வைக்க மாட்டார்கள். சோறாக்கி வைக்க வேண்டுமே! ஆகவே அவள் ஒரு பெயர் கொடுத்தாள்: அங்கப்பன். நீலச் சட்டை. கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பார், அதனால்தான் தாமதம். விவரம் கூடக்கூடப் பொய் கொஞ்சம் கண்ணியமாகத் தெரிந்தது.

(அந்தத் தாங்கி நடக்கும் கால் நான் கொடுத்ததல்ல. என் பிரதியில் அவருக்கு இரண்டு காலும் நன்றாகவே இருந்தன.)

4

கொடுமுடியிலிருந்து பாவாத்தாள் என்ற தோட்டக்காரம்மா கூப்பிட்டாள்.

"ஏனுங்க அம்மணி, உங்க அங்கப்பன் வந்துட்டாருங்க."

பொற்கொடி ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். "யாருங்க?"

"நீலச் சட்டைங்க. பாவம், காலைத் தாங்கித் தாங்கி வந்தாரு. ஒரு வாய் சாப்புடுங்கன்னேன், வேலைய முடிச்சுப்போட்டு வாரேன்னு இடுப்புல கவுத்தைக் கட்டிக்கிட்டுக் கிணத்துக்குள்ள எறங்கிட்டாரு. கவுத்தைப் புடிச்சிருக்கற எங்க ஊட்டுக்காரருக்குச் சந்தேகம். இங்க மோட்டார் திருடறவனுக அதிகம் பாருங்க. கம்பெனி ஆளு இல்லீன்னா கவுத்தை உட்டுப்போடறேங்கறாரு. உங்க ஆளுதானுங்களே?"

போனில் கிணற்றின் எதிரொலி. அடியிலிருந்து ஓர் ஆண்குரல்: "பொற்கொடியம்மணியக் கேளுங்க. அவங்களுக்குத் தெரியும்."

அவள் எந்த வாடிக்கையாளரிடமும் தன் பெயரைச் சொன்னதில்லை.

அருள்குமார் எட்டிப் பார்த்தார். "ஆமான்னு சொல்லுங்க அம்மணி. எப்பவும்போல."

5

முடிவு அ: "அப்படி ஒருத்தரு இல்லீங்க" என்கிறாள். வாழ்க்கையில் முதன்முறையாக அலுவலக நேரத்தில் உண்மை. கயிறு கைவிட்டுப் போகிறது.

(இதைத்தான் முதலில் எழுதினேன். அடுத்தவர் உண்மை பேசுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.)

முடிவு ஆ: "ஆமாங்க" என்கிறாள். ஈரச் சட்டையோடு அங்கப்பன் ஏறி வருகிறார். மறுநாள் வேறொரு கிணறு. அவள் சொல்லுமிடமெல்லாம் அவர் போவார். அவள் சொல்வதை நிறுத்தவே முடியாது.

முடிவு இ: பொற்கொடி வேலையை உதறிவிட்டு, தலை நிமிர்ந்து, வாசலைத் தாண்டி

(போனை அப்படியே போட்டுவிட்டா?)

இந்த வரியில் நிற்கும்போது என் கேட் திறந்தது. நீலச் சட்டை, சொட்டச் சொட்ட. இடுப்பில் கட்டிய கயிறு தெருமுனை தாண்டி எங்கோ விறைத்துப் போய்க்கொண்டிருந்தது.

"நீங்க கூப்பிட்டீங்களாமா. வர லேட்டாயிடுச்சுங்க" என்றார். "பொற்கொடியம்மணி இன்னும் பதில் சொல்லலீங்க. சீக்கிரம் எழுதறீங்களா? கவுத்தைப் புடிச்சிருக்கறவருக்குக் கை வலிக்குதாமாங்க."

என்னால் எழுத முடியவில்லை. பொற்கொடியாலும் பதில் சொல்ல முடியவில்லை, அவள் ரிசீவரை உங்கள் பக்கம் நீட்டுகிறாள். பாவாத்தாள் காத்திருக்கிறாள்.

"ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா? உங்க ஆளுதானுங்களே?"