மூடியில் செருகிய செருப்பு

1

இந்தக் கதை ஒரு சொல்லில் ஆரம்பித்தது. வேண்டுமென்றே செய்யும் நாசத்தை ஆங்கிலத்தில் ‘சபோட்டாஜ்’ என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வார இதழில் என்னிடம் அரைப்பக்கம் கேட்டிருந்தார்கள். ‘சபோ’ என்றால் பிரெஞ்சில் மரச்செருப்பு. கோபம் கொண்ட தொழிலாளர்கள் அதை இயந்திரத்துக்குள் எறிந்தார்களாம். எறிந்ததற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். மரச்செருப்போடு தடதடவென்று நடப்பதற்கும், வேலையைக் கன்னாபின்னாவென்று செய்வதற்கும் இருந்த சொல்தானாம் இது.

எறியாத செருப்புக்காக ஒருவர் மாட்டிக்கொண்டால்? அரைப்பக்கம் அங்கேயே நின்றுவிட்டது.

2

அட்டைப்பெட்டி ஆலையில் அன்றைய காலை வெயில் மெல்ல... (வேண்டாம். நேராகப் போவோம்.)

மடிப்பு இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் ஓட்டம் நின்றுவிடும். அட்டை சிக்கும்போதெல்லாம் நிறுத்தினால் அன்றைய உற்பத்தி அவ்வளவுதான். அதனால் மூடி திறந்திருந்தாலும் அதன் அடியில் உள்ள சுவிட்ச் அழுந்தியே இருக்கும்படி ஒரு செருப்பைச் செருகிவிடுவார்கள். எல்லா ஷிப்டிலும் நடப்பதுதான். கற்றுக்கொடுத்தவரே சூப்பர்வைசர்.

நேற்று, எல்லோரும் ‘அக்கா’ என்று கூப்பிடும் ஆபரேட்டரின் செருப்பு அதிர்வில் நழுவி உள்ளே விழுந்தது. உருளைகள் நொறுங்கின. மேனேஜருக்கும் அந்த மரச்செருப்புக் கதை தெரியும். லீவு தராததற்கு அக்கா அவரோடு மல்லுக்கு நின்றதும் நினைவிருந்தது. வேண்டுமென்றே எறிந்ததுதான் என்று முடிவுகட்டி, போலீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டார்.

3

விசாரணை அறையில் சூப்பர்வைசரையும் அக்காவையும் நிற்கவைத்திருந்தார்கள்.

“செருப்புக்குக் கால் முளைச்சு அதுவா உள்ள போச்சா?” என்று சூப்பர்வைசரைக் கேட்டார் மேனேஜர். “அங்க செருப்பு வைக்கிற வழக்கம் உண்டா, சொல்லுங்க.”

உண்டு என்றால் சூப்பர்வைசரின் வேலை போகும். இல்லை என்றால் அக்கா கம்பி எண்ண வேண்டியதுதான்.

(இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வீரமாக உண்மையைச் சொன்னார். எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் கைகழுவினார், அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.)

மூன்றாம் தடவை, அவர் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள்.

“அண்ணனைக் கேக்காதீங்க சார். அவருக்கு ஒண்ணும் தெரியாது. நானாத்தான் வச்சேன்.”

அவளை அப்படிப் பேசவைக்க நான் நினைக்கவே இல்லை.

4

“அப்படியா?” என்று மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார்.

தலையை ஆட்டினால் போதும். அவ்வளவு சுலபமாக்கிக் கொடுத்துவிட்டாள். அதனாலேயே அவர் கழுத்து அசைய மறுத்தது.

நான் பேனாவை வைத்துவிட்டேன். நான் எழுதினால் தலையாட்டிவிடுவார். அவரை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். உங்களுக்கு அவர் புது ஆள்தானே, நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். மேனேஜர் போனைக் கையில் எடுத்துவிட்டார்.