சிரிக்காத கல்யாண ஆல்பம்

லண்டனில் பஸ் ஓட்டுகிறாள் என்று தெரிந்ததும் மூன்று மாப்பிள்ளை வீட்டார் வசந்தமலரை வேண்டாம் என்று விட்டார்கள். நான்காவது ஆள் சஞ்சயன். வெள்ளவத்தையில் கணக்கு ட்யூஷன் கொடுப்பவர். அவர் முதல்முறை தொலைபேசியில் பேசியபோது கேட்ட கேள்வியே வேறு.

"டபிள் டெக்கரோ?"

"ஓம்."

"அப்ப மேல்தட்டில ஒரு ஆள் எழும்பி நிண்டால் கீழ இருக்கிற உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ர தலைக்கு மேல ஒரு சின்னக் கண்ணாடி இருக்கு."

அன்று ஒரு மணி நேரம் கண்ணாடியைப் பற்றியே பேசினார்கள். அது எந்தச் சாய்வில் இருக்கும், ஒளி எப்படித் திரும்பி வரும் என்று அவர் விளக்க, ஐந்து வருடமாக அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்த மலருக்கு அன்றுதான் அது புரிந்தது. போனை வைத்துவிட்டு, தான் வாடகைக்கு இருந்த கோலியர்ஸ் வுட் வீட்டின் சொந்தக்காரி நாகேஸ்வரி அக்காவிடம் போய், "அக்கா, இந்த ஆளைத்தான் கட்டப்போறன்" என்றாள்.

2002 செப்டெம்பரில் கொழும்பில் கல்யாணம் நடந்தது. அவளுக்கு முப்பத்திரண்டு, அவருக்கு முப்பத்தைந்து. போர்நிறுத்தக் காலம் என்பதால் யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக்காரர் எல்லோரும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். படம் எடுக்க வந்தவர் மட்டும் கொஞ்சம் கடுமையான மனிதர். "பல்லைக் காட்டாதேங்கோ, ஆல்பம் பழுதாப்போகும்" என்று மணவறையில் வைத்தே இருவரையும் அதட்டினார். அறுபத்து நான்கு படங்களிலும் இரண்டு பேரும் பல்வலிக்காரர் போல நின்றார்கள்.

பதினொரு நாள் சேர்ந்திருந்தார்கள். பிறகு மலரின் லீவு முடிந்தது.

மலருக்கு பிரிட்டனில் நிரந்தர வதிவிட அனுமதி இருந்தது. அந்த அனுமதி உள்ளவர் கணவனைக் கூப்பிடலாம், கொஞ்ச நாளில் வந்துவிடுவார் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் ஏழு மாதமாயிற்று. அடுத்த ஏப்ரலில்தான் சஞ்சயனை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மே மாதம் விசா இல்லை என்று கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் யூனிஃபோர்மோடேயே டூட்டிங்குக்கு ஓடினாள். அங்கே ஒரு சேலைக் கடையின் மாடியில் சட்டத்தரணி குகநாதன் இருந்தார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"பிள்ளை, கல்யாணம் உண்மை எண்டு ஒத்துக்கொள்ளினம். ஆனா கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் ரெண்டு பேரும் தொடர்பில இருந்ததுக்கு ஒரு சாட்சியும் இல்லையாம். சேர்ந்து வாழுற எண்ணம் இருக்கோ எண்டு சந்தேகமாம்."

"தொடர்போ? ஒவ்வொரு நாளும் கதைக்கிறம் அண்ணை!"

"கடிதம்?"

"நாள் முழுக்கக் கதைக்கிற ஆளுக்கு என்னத்தை எழுதுறது?"

"டெலிபோன் கார்ட்டுகள்?"

"முடிய முடியக் குப்பையில போட்டிட்டன்."

குகநாதன் பெருமூச்சு விட்டு ஆல்பத்தைப் புரட்டினார். நாலைந்து பக்கம் புரட்டியபின் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இதைப் பார்த்தா நான்கூட விசா குடுக்கமாட்டன், பிள்ளை. ஆரோ நெற்றியில துவக்கை வைச்சு மிரட்டிக் கட்டி வைச்சமாதிரி இருக்கு."

மலருக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. இந்தப் பேச்சைக் கேட்டதும் அவளும் சிரித்துவிட்டாள்.

"இனி என்ன செய்யலாம், அண்ணை?"

"புதுசா விண்ணப்பம் போடலாம். திரும்பவும் வரிசையின்ர வாலில போய் நிக்கவேணும். ஸ்டூடன்ட் விசா கேக்கலாம், ஆனா மனிசி இஞ்ச இருக்கேக்க அவர் படிச்சு முடிச்சுத் திரும்பிப் போவார் எண்டு ஒருத்தரும் நம்பமாட்டினம். நீர் சிட்டிசன் எடுத்தாலும் இதில பெரிசா ஒண்டும் மாறாது." சட்டென்று ஞாபகம் வந்தவர்போல விரலைத் தூக்கினார். "நோர்பரியில ஒரு டச்சுத் தமிழர் இருக்கிறார். ஹொலண்ட் பாஸ்போட். அவர் மனிசியை ஒண்டரை மாசத்தில கொண்டுவந்திட்டார். ஐரோப்பியச் சட்டம், ஃபீஸும் இல்லை."

"அப்ப நான் டச்சுக்காரியா மாறட்டோ?"

"அதுக்கு நீர் வெளிக்கிட்ட அண்டைக்கு வேற பிளேனில ஏறியிருக்கவேணும்."

மிஞ்சியது அப்பீல். அதற்கு இன்னும் பத்து மாதமாவது ஆகும் என்றார் குகநாதன். அப்பீல் என்றே முடிவாயிற்று. சஞ்சயன் தன் வாக்குமூலத்தை எழுதி அனுப்ப வேண்டும். தொடர்பை நேரில் அறிந்த சாட்சி ஒருவரும் வேண்டும்.

"சாட்சி நான் வாறன்" என்றார் நாகேஸ்வரி அக்கா, வீட்டுக்கு வந்து மலர் சொல்லி முடிக்குமுன்பே. "உன்ர அறைக்கும் என்ர அறைக்கும் நடுவில இருக்கிறது சுவரோ, அட்டை! ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கு."

மலருக்கு முகம் சிவந்தது. "ஒவ்வொரு சொல்லும் எண்டால்?"

"பயப்பிடாத. நீங்கள் ரெண்டு பேரும் உருப்படியா ஒண்டும் கதைக்கிறேல்லை."

அந்தப் பத்து மாதமும் மலர் கிங்ஸ்ரனுக்கும் ஸ்ட்ரெதமுக்கும் இடையில் பஸ் ஓட்டினாள். வீட்டுக்கு வந்ததும் டெலிபோன் கார்டைச் சுரண்டி இலக்கத்தை அழுத்துவாள். சஞ்சயன், "சரி, வெளிக்கிட்டாச்சோ?" என்பார். அவள் அன்றைய ஓட்டத்தை முதல் தரிப்பிடத்திலிருந்து கடைசித் தரிப்பிடம் வரை சொல்லுவாள். யார் ஏறினார்கள், யார் சண்டை பிடித்தார்கள், எந்த இடத்தில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று எதுவும் தவறாது. அவள் எதையாவது விட்டுவிட்டால் அவர் விடமாட்டார். "ரேய்ன்ஸ் பார்க்கிலயிருந்து நேர விம்பிள்டனுக்குத் தாவிட்டீர். நடுவில ஒருத்தரும் ஏறேல்லையோ?"

2004 மார்ச்சில் விசாரணை வந்தது. மலர் சேலை உடுத்துக்கொண்டு போனாள். விசாரணை அறை பள்ளிக்கூட வகுப்பறை மாதிரித்தான் இருந்தது. நீதிபதி வெள்ளைத் தலைமுடியுள்ள ஒரு பெண்மணி. விசா மறுத்த தரப்புக்காக நெடிய இளம் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். நாகேஸ்வரி அக்காவுக்காக ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இருந்தார்.

முதலில் அக்காவைத்தான் கேட்டார்கள். "இருவரும் பேசுவதை நீங்கள் எப்போது கேட்டீர்கள்?" என்றார் அதிகாரி.

"எப்ப கேக்கேல்லை எண்டு கேளுங்கோ, தம்பி."

"என்ன பேசுவார்கள்?"

"பஸ்." அக்கா கையை விரித்தார். "ஒண்டரை வருசமாப் பஸ்தான். எனக்குக் கார் ஓடத் தெரியாது, ஆனா அந்தப் பஸ்ஸை இப்ப நானே ஓடுவன்."

மொழிபெயர்ப்பாளர் இதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி தலையைக் குனிந்து எதையோ எழுதினார்.

பிறகு மலரின் முறை. அவள் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வதாகச் சொன்னாள். அதிகாரி சஞ்சயனின் வாக்குமூலத்தை எடுத்தார். எட்டுப் பக்கம். அது குகநாதனின் அலுவலகத்துக்கு நேரே போனதால் மலர் அதுவரை பார்த்ததில்லை. பாடமாக்கி வந்தாள் என்று யாரும் சொல்லக் கூடாதென்று அவரும் அவளுக்குக் காட்டவில்லை.

"உங்கள் கணவர் நீங்கள் ஓட்டும் பாதையின் தரிப்பிடங்களை எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறார்" என்றார் அதிகாரி. "இதை யாரும் ஒரு வரைபடத்தைப் பார்த்து எழுதலாம் அல்லவா?"

"எழுதலாம்" என்றாள் மலர். எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார் என்பதே அவளை எங்கோ தூக்கிக்கொண்டு போயிருந்தது.

"அப்படியானால் வரைபடத்தில் இல்லாததைக் கேட்கிறேன். ரேய்ன்ஸ் பார்க் பாலத்தடியில் ஒரு செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது?"

மலர் யோசிக்கவே இல்லை. "மெத்தை! இரண்டு பேர் டபிள் மெத்தையோடு ஏறப் பார்த்தார்கள். நான் முடியாது என்றேன். நல்ல மழை. பிறகு பாவம் என்று ஏற்றிவிட்டேன்." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "இதை எங்கள் டிப்போவுக்குச் சொல்ல மாட்டீர்கள்தானே?"

"இங்கே நடப்பது பஸ் விசாரணை அல்ல" என்றார் நீதிபதி. அவருடைய வாயோரம் துடித்தது.

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். "சவுத் விம்பிள்டனில் தினமும் ஏறும் பெரியவர்?"

"தொப்பிக்காரர். ஏறும்போதெல்லாம் எனக்குத் தமிழில் வணக்கம் சொல்லுவார். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் அவருக்கு 'வணக்கம்' வராது. 'வாங்கம்மா' என்றுதான் வரும்."

"மிட்சம் லேன் தெருவில் நீங்கள் பாடினீர்களா?"

"ட்ராஃபிக்கில் முக்கால் மணித்தியாலம் நின்றோம். ஒரு குழந்தை அழுதது. வேறு என்ன செய்வது?"

அறையின் மூலையிலிருந்த எழுதுவினைஞர் வெளிப்படையாகவே சிரித்துவிட்டார். அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க மலர் சொல்லிக்கொண்டே போனாள். சஞ்சயன் எழுதியதும் அவள் சொன்னதும் அச்சொட்டாகப் பொருந்தின. அவளுக்குத் தலை சுற்றுவதுபோல ஒரு சந்தோசம். கணவன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனத்தையும் முடித்துக் கொடுப்பதுபோல இருந்தது.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அதிகாரி நிறுத்தினார். "விமான நிலையத்தில் பிரிந்தபோது என்ன நடந்தது? கணவர் எழுதியதை வாசிக்கிறேன். 'என் மனைவி தாங்க முடியாமல் அழுதார். நான் தைரியமாக நின்று அவருக்கு ஆறுதல் கூறினேன்.' சரியா?"

மலர் கதிரையை விட்டு எழுந்தே விட்டாள். ஆங்கிலம் போன இடம் தெரியவில்லை.

"பச்சைப் பொய்! அழுதது அவர்! நான் ஒரு சொட்டும் அழேல்லை. என்ர சேலைத் தலைப்பில மூக்கும் துடைச்சவர்! கூறைச் சேலை!"

மொழிபெயர்ப்பாளர் கடமை தவறாமல் எழுந்து நின்று, மூக்குத் துடைத்தது வரை நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குள் பின்வரிசையில் இருந்த நாகேஸ்வரி அக்கா கையை உயர்த்திவிட்டார்.

"ஓம் அம்மா, உதில எந்த நாளும் சண்டை. போன கிழமையும் பிடிச்சவை."

அதையும் மொழிபெயர்த்தார்.

குகநாதன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். எட்டுப் பக்கம் பொருந்தி வந்து, கடைசி வரியில் கவிழ்ந்துவிட்டதே என்று அவருக்குக் கவலை. ஆனால் நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

"வேறு கேள்வி உண்டா?" என்று அதிகாரியைக் கேட்டார்.

"இல்லை" என்றார் அதிகாரி. அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நின்றார்.

"ஒத்திகை பார்த்து வந்தவர்கள் இந்த இடத்தில்தான் கவனமாக ஒத்துப் போயிருப்பார்கள்" என்றார் நீதிபதி. "இப்படிச் சண்டை பிடிக்கக் கணவன் மனைவியால் மட்டும்தான் முடியும். அப்பீலை ஏற்கிறேன். எழுத்துத் தீர்ப்பு தபாலில் வரும்."

மலருக்கு முதலில் விளங்கவில்லை. குகநாதன், "வெண்டிட்டம், பிள்ளை" என்று தமிழில் சொன்ன பிறகுதான் அவள் நாகேஸ்வரி அக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். அக்கா பாரமான ஆள். இருவரும் ஒரு மேசையில் போய் மோதினார்கள். மொழிபெயர்ப்பாளர் தண்ணீர்க் குவளையைப் பிடித்துக் காப்பாற்றினார்.

வெளியே வந்து முதல் போன்பெட்டிக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு புகுந்தார்கள்.

"இஞ்சருங்கோ" என்றாள் மலர். "எயாப்போட்டில அழுதது ஆரெண்டு கோர்ட்டில முடிவாகிட்டுது."

"அதையோ விசாரிச்சவை? ஆராம்?"

"நீங்கள்."

"சரி, விடும். அப்பீல் என்ன மாதிரி?"

"வெண்டிட்டம்!"

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "இப்பவும் அழுகிறார்" என்று மலர் போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவிடம் சொன்னாள்.

விசா கைக்கு வர மேலும் மூன்று மாதம் ஆயிற்று. ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சஞ்சயன் ஹீத்ரோவில் வந்திறங்கினார். வெயில் கொளுத்தியது. அவரோ இரண்டு கம்பளிச் சட்டையும், அதற்கு மேல் ஒரு கோட்டும், காதை மூடிய தொப்பியும் போட்டிருந்தார். வேர்த்து ஒழுகிக்கொண்டு ட்ரொலியைத் தள்ளி வந்தவரைப் பார்த்ததும் மலருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"லண்டன் குளிர் எண்டவை" என்றார் சஞ்சயன்.

"அது ஜனவரியில, ஐயா."

வீட்டுக்கு வந்தால் நாகேஸ்வரி அக்கா கணவாய்க் கறியும் புட்டும் வைத்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "நான் நோர்பரியில மகள் வீட்டை போறன். ஞாயிற்றுக்கிழமைதான் வருவன்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார். மகளுக்கு அவர் வருவது தெரியுமா என்பதே சந்தேகம்.

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பாத்திரம் கழுவினார்கள். பின் தோட்டத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். பேசுவதற்கு எவ்வளவோ இருந்தும் இருவருக்கும் வெட்கமாக இருந்தது. சஞ்சயன் நாலைந்து தரம் வானத்தைப் பார்த்தார். பிறகு கைமணிக்கூட்டைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"மணிக்கூடு பிழைச்சுப்போச்சோ தெரியேல்லை. ஒன்பதரை எண்டு காட்டுது."

"சரியாத்தான் காட்டுது."

"பகல் மாதிரி வெளிச்சமா இருக்கே!"

"இஞ்ச இந்த மாசத்தில அப்பிடித்தான்."

"அப்ப இது எப்ப இருட்டும்?"

"நல்லா இருட்டப் பத்தரையாகும்."

சஞ்சயன் கதிரையில் சாய்ந்தார். ஒரு பெரிய கணக்கின் முன்னால் உட்கார்ந்தவர்போல நெற்றியைச் சுருக்கினார். "இருபத்தொரு மாசம் பொறுத்திட்டம். இன்னும் ஒரு மணித்தியாலமோ?"

மலர் ஐஸ்கிரீம் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு எழுந்தாள். சிரிப்பில் அவளுக்குத் தோள் குலுங்கியது.

"இஞ்சருங்கோ" என்றாள். "இந்த நாட்டில ஜன்னலுக்குத் திரைச்சீலை எண்டு ஒரு சாமான் இருக்கு. எழும்பி வாங்கோ."