மஹீன் டீச்சரின் இரண்டாம் வருடம்

ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு யார் ஊருக்குள் வந்தாலும் எனக்கு ஆகாது. ஆடு மாட்டை எண்ணிக்கொண்டு போயிருக்கிறார்கள். ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வீட்டில் கக்கூஸ் இருக்கிறதா என்று கேட்டு, அதன் முன்னாலேயே என்னை நிற்கவைத்துப் படமும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து, உங்களிடம் கேட்டதிலிருந்து எங்களுக்கு இன்னது தெரிந்தது என்று சொன்னதில்லை. அதனால் வேலூரிலிருந்து மஹீன் என்ற பெண் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆராய்ச்சி செய்ய அனுமதி கேட்டு வந்தபோது, பள்ளி மேலாண்மைக் குழுவில் முதலில் வாயைத் திறந்தவன் நான்தான்.

என் பேத்தி சினேகா அங்கே எட்டாவது படித்தாள். என் மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பதால் பெற்றவன் இடத்தில் குழுவில் நான் உட்கார்ந்திருந்தேன். நான் மூணாங்கிளாஸோடு நின்றவன். கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர் எங்களுடையது. இருக்கிற நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதை வேகவைத்து, நானும் மருமகள் சரசுவும் விடிய விடியப் பாதையோரம் விற்போம். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் பிழைப்புதான். இளநீர், சுக்கு காபி, கற்பூரம் என்று ஆளுக்கொன்று. ராசிக்கல் விற்கிறவன் பேச்சையும் மூட்டுவலித் தைலம் விற்கிறவன் பேச்சையும் வருடக்கணக்கில் பக்கத்திலிருந்து கேட்டவனுக்கு, புதிதாக ஒருவர் வந்து சொல்வதில் சட்டென்று நம்பிக்கை வராது.

"புள்ளைங்களுக்கு இன்னாம்மா சொல்லித் தரப்போறே?" என்று கேட்டேன்.

"யோசிக்கறதுக்குங்க ஐயா. யாராவது ஒண்ணு சொன்னா அப்படியே நம்பிடாம, அது சரியான்னு பாக்கறதுக்கு."

"அதுக்கு ஒரு பாடமா? எனக்கு யாரும் சொல்லித் தரல. நான் எவனையும் நம்பறதில்லையே."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு, "எதையுமே நம்பமாட்டேன்னு சொல்றதும் யோசிக்காத வேலைதாங்க ஐயா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "சரி, இதனால எங்க புள்ளைங்களுக்கு லாபம் உண்டா?"

"தெரியாதுங்க. உண்டான்னு பாக்கத்தான் வந்திருக்கேன்."

கைகட்டி அனுமதி கேட்க வந்த ஒருவர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற வார்த்தையை நான் அன்றுதான் கேட்டேன். அப்படியும் விடவில்லை. நான் நினைத்தபோது வகுப்புக்குள் வந்து உட்காருவேன், சம்மதமா என்றேன். "தினமும் வாங்க" என்றாள்.

அவள் செய்யப்போவது இதுதான். இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்று எங்களுடையது. மற்றது காஞ்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊரில். ஆனி மாதத்தில் இரண்டிலும் எட்டாம் வகுப்புக்கு, ஒன்றை நம்பலாமா என்று யோசிக்கவைக்கும் ஒரு பரிட்சை. எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் அதன்பிறகு வாரம் தவறாமல் அவளே பாடம் நடத்துவாள். தை மாதத்தில் மறுபடியும் இரண்டிலும் ஒரு பரிட்சை. இங்கே மார்க் ஏறி அங்கே ஏறாமலிருந்தால் பாடம் பலித்தது என்று அர்த்தம்.

நான் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் பரிட்சைக்கு வருவது எதையும் அவள் நடத்தவில்லை. டவுனில் கிழித்துக்கொண்டு வந்த ஒரு நோட்டீஸைக் கரும்பலகையில் ஒட்டினாள். தைலம் தடவுவதற்கு முன்னால் வழுக்கை, தடவிய பிறகு அடர்ந்த முடி.

"இதை யார் சொல்றாங்க? அவங்களுக்கு எப்படித் தெரியும்? முடி வளந்ததுக்கு வேற காரணம் இருக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் வேற வேற ஆளு மிஸ். காது பாருங்க" என்றான் ஒரு பையன். வகுப்பே எழுந்து காதைப் பார்க்க ஓடியது.

"மொட்ட போட்டிருப்பாரு மிஸ், வேண்டுதலுக்கு. எண்ணெ போடலைன்னாலும் வளருமே" என்றாள் சினேகா.

"இந்த மூணாவது கேள்விதான் கஷ்டம்" என்றாள் மஹீன். "வேற காரணம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. நாமதான் தேடிப் போவணும்."

வினை வீட்டுக்கும் வந்தது. மல்லாட்டை தின்றுகொண்டே சுற்றினால் கால் வலிக்காது என்று பாதையில் வருகிறவர்களிடம் நான் சொல்வது வழக்கம். சினேகா, "யாருக்குத் தாத்தா வலிக்கல?" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டாள். சரசு தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். "சிரி, நல்லா சிரி. யாவாரம் படுத்துடும்" என்றேன். "படுக்காது மாமா. பொய் சொல்லாமயே வேகுது, பொய் சொல்லாமயே விக்கும்" என்றாள் சரசு.

மறுநாள் நான் மஹீனிடம் சண்டைக்குப் போனேன். அவள் கேட்டுவிட்டு, "அது நான் சொல்லித் தந்த கேள்விதான். ஆனா கேக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணது அவதான்" என்றாள். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

தை மாதப் பரிட்சை முடிந்தது. எங்கள் பிள்ளைகளின் மார்க் எகிறியிருந்தது. மற்ற பள்ளியில் இருந்த இடத்திலேயே இருந்தது. தலைமை ஆசிரியர் தசரதன் பூரித்துப்போனார். மஹீனுக்கு வழிகாட்டுகிற பேராசிரியர் அம்மா வேலூரிலிருந்து நேரில் வந்து பார்க்கிறார் என்று கூட்டம் போட்டார். மஹீனுக்கு ஒரு கல்லூரியில் வேலை பேசி வைத்திருக்கிறது, மார்ச்சுக்குள் ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்துவிட்டால் ஜூனில் சேரலாம் என்பதை எங்களுக்குச் சொன்னவரும் தசரதன்தான். அவளுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகையும் மார்ச்சோடு நிற்கிறதாம். மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது, இந்தக் கணக்கு ஒன்றுதான் பாக்கி.

கூட்டத்தில் சுவரில் படம் விழுந்தது. எங்கள் கோடு மேலே, அவர்கள் கோடு கீழே. பேராசிரியர் அம்மா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அருமை" என்றார். மஹீனுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "வருஷம் பூரா நோட்டீஸைக் கேள்வி கேட்டீங்க, பேப்பரைக் கேட்டீங்க. இன்னிக்கு என்னைக் கேளுங்க."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற சபை. பிறகு சினேகா மெல்லக் கையைத் தூக்கினாள்.

"மிஸ், மொத பரிட்சைய பௌர்ணமிக்கு மறுநாள் வெச்சீங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"முந்தின நாள் ராத்திரி பூரா நாங்க கடையில இருந்தோம். நான் பேப்பர் மேலயே தூங்கிட்டேன் மிஸ். தை மாசம் நல்லாத் தூங்கிட்டு வந்து எழுதுனேன். மார்க்கு ஏறுனதுக்கு அதுகூடக் காரணமா இருக்கலாம் இல்ல?"

"சினேகா, உக்காரு" என்றார் தசரதன்.

"இருக்கட்டும் சார்" என்றாள் மஹீன். முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. "அன்னிக்கு ராத்திரி கடையில இருந்தவங்க கையத் தூக்குங்க."

தூக்காத கைகளைத் தேட வேண்டியிருந்தது. சும்மா இருந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்ற பள்ளி இருக்கிற ஊரோ உள்ளே தள்ளிய ஊர். அவர்களுக்குப் பௌர்ணமி வெறும் நிலா. படுத்துத் தூங்கிவிட்டு வந்து பரிட்சை எழுதியிருக்கிறார்கள். வேலூர்க்காரிக்குப் பௌர்ணமி என்றால் சாயங்காலம் கூட்டம் வரும், பஸ் கிடைக்காது என்கிற அளவுக்குத்தான் தெரியும். எனக்கு எல்லாம் தெரியும். அன்று காலையில் சினேகாவை உலுக்கி எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியவன் நான். எனக்கே இது உறைக்கவில்லை.

அப்போது நான் மஹீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் சந்தேகப்பட்டதற்கு இப்போது விடை கிடைத்துவிடும் என்று நினைத்தேன். சமாளிப்பாள். சின்னப் பெண் பேச்சு என்று சிரித்து மழுப்புவாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

பேராசிரியர் அம்மா குரலைத் தாழ்த்தி, "கடைசி அத்தியாயத்துல ஒரு வரி எழுதிடு. இப்படி ஒரு குறை இருக்குன்னு. போதும்" என்றார்.

"ஒரு வரியில அடங்காது மேடம். எவ்வளவு தூக்கத்தால, எவ்வளவு பாடத்தாலன்னு என்னால பிரிக்க முடியாது."

"மார்ச்சு இருக்கு, மஹீன்."

"தெரியும் மேடம்."

போய்ச் சுவிட்சை அணைத்தாள். சுவரிலிருந்த கோடுகள் போயின. சினேகாவைப் பார்த்து, "நீ கேட்டது சரி. தேதி வெச்சது நான். தப்பு என்னோடது" என்றாள்.

வாசலில் பிள்ளைகள் சினேகாவைப் பிடித்துக்கொண்டார்கள். "மிஸ்ஸு வேலைய ஒழிச்சுட்டல்ல? இப்ப சந்தோஷமா?" என்றான் காதைக் கண்டுபிடித்த அதே பையன். இவள் மதிலோரம் நின்று அழுதாள். மஹீன் வந்தாள். தேற்றுவாள் என்று பார்த்தேன். "அழுதுட்டியா? முடிஞ்சுதா? சரி, இப்ப சொல்லு. இன்னா செஞ்சா நெஜம் தெரியும்?" என்று கேட்டாள். எங்கள் ஊர் 'இன்னா' அவள் வாயில் எப்போது ஏறியது என்று தெரியவில்லை.

சினேகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "புதுசா எட்டாவது வர்றவங்களுக்கு மொதல்லேர்ந்து செய்யணும் மிஸ்" என்றாள்.

"ஒரு வருஷம் ஆவும்."

"ஆமா மிஸ்."

"சரி."

அவ்வளவுதான். அந்த 'சரி'யோடு கல்லூரி வேலை போனது. ஜூனில் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

குழுவில் மறுபடியும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. தசரதன் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்குப் பாடம் முடியுமா என்ற கவலை. "ஒரு வருஷம் குடுத்தோம். திரும்பவும்னா எப்படிம்மா?" என்று இழுத்தார். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். போன தடவை தடுத்தவன் இந்தத் தடவை விடமாட்டான் என்று நினைத்திருப்பார்கள்.

நான் எழுந்தேன். "சார், இந்த ஊருக்கு வந்த அத்தினி பேரும் நம்மளக் கேட்டாங்களே தவிர, நாம கேக்கறதக் கேட்டாங்களா? ஒரு சின்னப் புள்ள கேட்ட கேள்விக்கு இந்தம்மா வேலையத் தூக்கிப் போட்டுட்டு நிக்குது. நம்ம புள்ளைங்களுக்கு இதவிட ஜாஸ்தி என்ன சொல்லித்தர முடியும்? வருஷம் பூரா நடத்துனது கம்மி, அன்னிக்கு ஒரு நாள் நடத்துனதுதான் ஜாஸ்தி. இருக்கட்டும். ஒரு வருஷம் போறலைன்னா ரெண்டு வருஷம் இருக்கட்டும்."

"பெரியவரா பேசறது?" என்றார் தசரதன்.

"ஏன், நான் யோசிக்கக்கூடாதா?" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் வருடம் டவுனில் டியூஷன் எடுத்துக்கொண்டு இங்கே வந்து போனாள். பரிட்சைத் தேதி வைப்பதற்கு முன்னால் இரண்டு ஊரிலும் வீடு வீடாகக் கேட்டாள். எப்போது திருவிழா, எப்போது மல்லாட்டை பிடுங்குவீர்கள், எந்த நாளில் பிள்ளைகள் வேலைக்கு இறங்கும். என் வீட்டுக்கும் வந்து கேட்டாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஆராய்ச்சி என்று வந்தவர்களுக்கு நான் மனதோடு பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

தை கழிந்து கணக்குப் போட்டுவிட்டு வந்தாள். "ஏறியிருக்கு ஐயா. போன தடவ காட்டினதுல பாதிகூட இல்ல. ஆனா ஏறியிருக்கு."

"பாதிதானா?" என்றார் தசரதன்.

"பாதிக்கும் கம்மி சார். ஆனா இதை யார் வேணும்னாலும் ஒதச்சுப் பாக்கலாம், விழாது" என்றாள். அவ்வளவு சின்னக் கணக்கை அவ்வளவு நிம்மதியாகச் சொன்னவளை நான் பார்த்ததில்லை.

எழுதி, கொடுத்து, வெளியூருக்கு அனுப்பி, எல்லாம் முடிய மேலும் நாளானது. பட்டம் கொடுப்பதற்கு முன்னால் வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து எல்லார் முன்னாலும் கேள்வி கேட்பார், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்றாள். சினேகா அப்போது பிளஸ் ஒன். நானும் அவளும் வேலூருக்குப் பஸ் ஏறினோம்.

கேள்விகளில் பாதி எனக்கு விளங்கவில்லை. அவள் திணறாமல் பதில் சொன்னது மட்டும் தெரிந்தது. கடைசியில் வந்திருந்தவர், "சபையில யாராவது கேக்கறீங்களா?" என்றார். அது வழக்கத்துக்குக் கேட்பது போலும். அவர் பேப்பரை அடுக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் சினேகாவின் கை மேலே போனது.

தாவணியைப் பிடித்து இழுத்தேன். "ஏய், சும்மா இருடி. ஒரு தடவ பண்ணது போறும்."

அவள் எழுந்துவிட்டாள். "ரெண்டு வருஷமும் நீங்கதான் நடத்துனீங்க மிஸ். மார்க்கு ஏறுனது பாடத்தாலயா, உங்களாலயா? வேற ஒருத்தர் நடத்துனா ஏறுமா?"

சபை திரும்பிப் பார்த்தது. மஹீன் பார்த்த பார்வையில் துளிகூடப் பயமில்லை. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தெரியாது சினேகா. வேற ஒருத்தர் நடத்திப் பாத்தாத்தான் தெரியும். அதை நான் செய்யல."

வந்திருந்தவர் பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். "யாரு இந்தப் பொண்ணு?" என்று பேராசிரியர் அம்மாவிடம் கேட்டார்.

"மொத வருஷக் கணக்கைக் கலைச்சாளே, அவதான்" என்றார் அந்தம்மா. பெருமை பேச்சிலேயே தெரிந்தது.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அவர் எழுந்து அறிவித்தார். கைதட்டினார்கள். மஹீனின் அப்பா எல்லாருக்கும் லட்டும் மிக்சரும் கொடுத்துக்கொண்டு வந்தார். நான் வாங்கிக்கொண்டு திரும்பினால் பக்கத்தில் சினேகா இல்லை. கூட்டம் வாழ்த்துச் சொல்லக் காத்திருக்க, அவளும் மஹீனும் ஜன்னலோரம் நின்று, வேறு டீச்சர் என்றால் யாரை வைப்பது, எத்தனை பள்ளிக்கூடம் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போய், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன். இரண்டு பேர் காதிலும் விழவில்லை.