ஆட்டக்காரியின் கடைக்கண்

முப்பது வருடம் கலவைச் சட்டி சுமந்தவனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தால் விடுவானா? பழைய கோவில் மண்டபத்தில், சுவரோவியத்தின் மேல் யாரோ எந்தக் காலத்திலோ வெள்ளையடித்துவிட்டார்கள். படம் கெடாமல் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் என் கழுத்து நிமிர்ந்துவிட்டது.

சுரண்டும் முன் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக் கேட்க வேண்டும். பொள்ளலாகச் சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் அதை ஒட்டவைக்க வேண்டும். அன்று ஓர் ஆட்டக்காரியின் முகம் ஒரு பக்கம் தெரியத் தொடங்கியிருந்தது. அந்த மிதப்பில் தட்ட மறந்தேன். கத்தி பட்டதும் அவள் இடது கண் பொத்தென்று விழுந்தது.

கீழே உதிரும் தூளையெல்லாம் சலிப்பவள் என் மனைவி.

“வீட்டுல தட்டு உடைக்கிறது பத்தலையா?” என்றாள். வாய்தான் அப்படி. கை அதற்குள் நான்கு துண்டுகளைப் பொறுக்கிவிட்டது.

ஓவியங்களைச் சீர்செய்ய வந்திருந்த நிபுணரம்மா அவற்றைப் பொருத்தி ஒட்டினார். தள்ளி நின்று பார்த்தால், கருவிழி மூலையில் ஒதுங்கி நின்றது.

“அடப்பாவி! ஒண்ணரைக் கண்ணு ஆக்கிட்டியே,” என்றார் மேஸ்திரி. “நாளையிலேருந்து சட்டி தூக்கு. உன் கைக்கு அதுதான் லாயக்கு.”

என் கழுத்து அப்போதே வலிக்க ஆரம்பித்தது.

அம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். “விளிம்பெல்லாம் சரியாத்தான் பொருந்துது. பார்வை மட்டும் ஏன் இப்படி?”

“அம்மா, இன்னொரு கண்ணு வெள்ளைக்குள்ள இருக்கே. அதையும் பாத்துட்டு என்னைத் துரத்துங்க,” என்றேன்.

“சரி, எடுங்க.”

“இந்தத் தடவையாவது தட்டிப் பாருய்யா!” என்று கீழிருந்து கத்தினாள் மனைவி.

தட்டினேன். கெட்டியான சத்தம். நகக்கண் அளவு நகக்கண் அளவாகச் சுரண்டினேன். மாலைத் தேநீர் ஆறிப்போனது, குடிக்கவில்லை. கடைசியில் பஞ்சால் துடைத்தபோது வலது கருவிழியும் அதே பக்கம் ஒதுங்கி நின்றது. கோணல் என் கையில் இல்லை. அவள் யாரையோ கடைக்கண்ணால் பார்க்கிறாள்!

“அப்படி யாரைத்தான் பாக்குறா?” மேஸ்திரியே விளக்கைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறி வந்தார்.

அந்தப் பக்கமாகவே தட்டித் தட்டிப் போனேன். ஒரு தோள் வந்தது. பிறகு மத்தளம், அதன்மேல் சும்மா கிடக்கும் விரல்கள். அதற்கும் மேலே, கண்ணை மூடி, வாயை ஆவென்று திறந்து கொட்டாவி விடுகிற ஒரு முகம்.

மேஸ்திரி சிரித்த சிரிப்பில் சாரமே ஆடியது. அம்மா கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

“அவ முறைக்கிறதுல தப்பே இல்ல,” என்றாள் மனைவி. “எங்க வீட்டு மத்தளமும் இப்படித்தான், நான் பேச ஆரம்பிச்சா போதும்.”

நான் மேஸ்திரியைப் பார்த்தேன்.

“என்னை என்ன பாக்குற? அவன் உதட்டுல இன்னும் வெள்ளை ஒட்டியிருக்கு, எடுத்துவிடு,” என்றார். “பாவம், எத்தனை வருஷமா வாயைத் திறந்துகிட்டே இருக்கானோ!”