இரண்டு இதழ்ப் பூக்கள்

டொக்டர் வர இன்னும் பத்தொன்பது மணித்தியாலம் இருந்தது. அதற்குள் சுதர்சினி அந்த வெள்ளை விரிப்பை வாங்குப் பலகையில் திரும்ப விரித்துவிட வேண்டும். முகாம் மருந்துக் கொட்டிலுக்கு இருந்ததே அது ஒன்றுதான். பொறுப்பு அவள் பெயரில். போன மாதம் ஒரு கிண்ணம் காணாமற்போனதற்கே ஒருத்தியை டொக்டர் வேலையால் நிறுத்தியிருந்தார்.

விரிப்போ பள்ளிக்கூடக் கண்காட்சியில் தொங்கியது. மருந்துக் கொட்டிலும் ஒரு படம் தரவேண்டும் என்று கேட்டபோது, கூட வேலை செய்யும் பிரேமிளா அதிலிருந்த ஊதாக் கறைகளுக்குக் கரியால் காம்பு இழுத்து, கீழே ஒரு சாடியும் கீறிக் கொடுத்துவிட்டாள்.

"பின்னேரம் திருப்பித் தந்திடுவினம். கரி, தோய்ச்சாப் போயிடும்" என்றாள். ஊதா போகாது. அது டொக்டருக்குப் பழகின கறை.

பள்ளிக்கூட அதிபர் சின்னராசா மாஸ்டர் பிரம்பால் படத்தைத் தொட்டு விளக்கிக்கொண்டிருந்தார். கொழும்பில் ஒருமுறை ஓவியக் கண்காட்சி பார்த்தவர் என்பதால் முகாமில் அவரை மறுத்துக் கதைக்க ஆளில்லை.

"இது பாதி அரூபம். பூவெண்டாலும் பூ, இல்லையெண்டாலும் பூ. இந்தா, இரணைமடுக் குளத்துத் தாமரை. ஊதா எண்டால் துயரம்."

"எல்லாத்துக்கும் ரெண்டே இதழ்தானே இருக்குங்க மாஸ்டர்?" என்றாள் படம் பார்க்க வந்த வீரம்மா. அவள் இடுப்பில் கொழுத்த மகன், காலெல்லாம் ஊதா மருந்தோடு.

"ஒண்டு ஊர், ஒண்டு முகாம். நடுவில கோடு தெரியுதே, அதுதான் இடப்பெயர்வு."

பிரேமிளா கைலேஞ்சித் துணியை வாயில் அடைத்துக்கொண்டாள். தாவரவியலில் பட்டம் வாங்கிய சுதர்சினி நிலத்தைப் பார்த்தாள்.

"இந்தப் பெரிய பூவைப் பாக்க எனக்குக் கண் கலங்குது" என்றார் மாஸ்டர். "தாய்மை."

வீரம்மா உற்றுப் பார்த்தாள். "எங்கேயோ பாத்த மாதிரிதாங்க இருக்கு."

"சேர், பின்னேரம் இதை நான் கொண்டு போகலாமோ?" என்றாள் சுதர்சினி.

"என்ன கதை பிள்ளை உது? நாலாய் வெட்டி நாலு வகுப்புக்கும் சட்டம் போடப் போறன். தாய்மை என்ர கந்தோர் அறைக்கு."

கத்திரிக்கோலை எடுத்துப் பெரிய பூவின் ஓரத்தில் வைத்தார். பல்கலைக்கழகத்தில் இருந்த காலம் முழுவதும் ஒரு கேள்விக்கும் கை உயர்த்தாத சுதர்சினி இப்போது உயர்த்தினாள்.

"வெட்டாதேங்கோ சேர். அது எங்கட வாங்கு விரிப்பு."

"அப்ப பூ?"

"பூவில்லை. சிரங்குக்கு மருந்து பூசின பிள்ளையள் அது காயிறதுக்கு முதல் குந்தினது. எல்லாம் குண்டி, சேர். அந்தத் தாய்மை வீரம்மாக்கான்ர மகன்ர."