குடத்தில் பிடித்த காற்று

ஆவுடையப்பனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போன பிறகு, அவருடைய கார் எட்டு மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கார் ஸ்டாண்டில் இருபது வருஷம் ஓட்டிய பழைய பியட். வலது கால் நன்றாகத்தான் இருந்தது. பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் அது போதும். ஆனால் கிளட்ச் என்று ஒன்று இருக்கிறதே, கியர் மாற்றும்போதெல்லாம் அதை இடது காலால் மிதித்தாக வேண்டும். கட்டைக்காலை வைத்து மிதித்துப் பார்த்தார். வழுக்கி வழுக்கி விலகியது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற பாக்டரி வைத்திருந்த வைகுண்டராஜ், அந்தக் காரில் அடிக்கடி சவாரி போனவர், ஒருநாள் வந்து பார்த்தார்.

"ஆவுடையப்பா, மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வாரேன். அதுக்குள்ள உன்னால ஓட்ட முடிஞ்சா ஓட்டு. முடியலைன்னா வண்டிய எனக்கு வெலைக்குக் குடுத்துரு. இப்படிப் போட்டு வச்சா துருப்பிடிச்சுப் போகும்."

கெட்ட மனுஷர் இல்லை. அவர் சொன்னதும் நியாயம்தான். "சரி மொதலாளி" என்றார் ஆவுடையப்பன்.

அவர் மனைவி வேலுத்தாய் தினம் டவுன் பஸ் பிடித்து ராஜபாளையம் மில்லுக்குப் போய் வருகிறவள். நூல் நூற்கிற மெஷினில் ஒரு பக்கம் முழுக்க அவள் பொறுப்பு. அந்த மெஷினில் ஒவ்வொரு இழைக்கும் கீழே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். இழை அறுந்துவிட்டால் பஞ்சு வெளியே பறக்காமல் அந்த ஓட்டை உறிஞ்சிக்கொள்ளும். மெஷினின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை குழாய் போட்டு, கடைசியில் ஒரு காற்றாடி சுற்றும். வேலுத்தாய் பன்னிரண்டு வருஷமாக அந்த ஓட்டைகளோடு பழகியவள். மறுநாள் அறுந்த இழையை இணைக்கப் போனபோது அவள் விரல் நுனியை ஓட்டை கவ்வி இழுத்தது. தினமும் இழுக்கிறதுதான். அன்றைக்குத்தான் அவள் யோசித்தாள்.

அதே மில்லில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டராக இருந்த தம்பி சமுத்திரத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்தாள்.

"ஏலே, காரு இன்ஜினு காத்த இழுக்குமா?"

"இழுக்காமப் பின்ன? பெட்ரோலோட சேத்து இழுத்தாத்தான்க்கா ஓடும்."

"அம்புட்டு பெரிய வண்டிய ஓட்டுற இன்ஜினு ஒரு பெடல இழுக்காதா?"

சமுத்திரம் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்க மறந்து போனான்.

அன்று சாயங்காலமே தார்ப்பாயை விலக்கினார்கள். இன்ஜினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகிற குழாயின் அடியில் ஒரு திருகு இருந்தது. எதையும் பிடித்துக்கொண்டு நிற்காத திருகு. இருபது வருஷம் அந்த வண்டியைத் துடைத்த ஆவுடையப்பன், "அது சும்மா இருக்கு, அத ஏன் நோண்டுத?" என்றார். சமுத்திரம் திருகைக் கழற்றிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னான். உஸ்ஸென்று சத்தம். விரலை வைத்தான், ஒட்டிக்கொண்டது.

"அத்தான், உங்க வண்டி என் விரலக் கடிக்கு!"

இத்தனை வருஷமும் அந்த பலம் ஒரு திருகுக்குப் பின்னால் சும்மா கிடந்திருக்கிறது, பாருங்கள்.

பழைய இரும்புக் கடையில் லாரி பிரேக்கிலிருந்து கழற்றிய ஒரு சட்டி கிடைத்தது. உள்ளே ரப்பர் தகடு. ஒரு பக்கத்துக் காற்றை உறிஞ்சினால் ரப்பர் உள்ளே இழுபடும். அதோடு பிணைத்த கம்பி கிளட்ச் பெடலை இழுக்கும். திருகு இருந்த ஓட்டையிலிருந்து சட்டிக்கு ஒரு குழாய் போட்டு, அதைத் திறந்து மூட, பருத்திக்கு மருந்து அடிக்கிற ஸ்பிரேயரின் கைப்பிடியை அறுத்துக் கியர் கம்பியில் பொருத்தினான் சமுத்திரம். கட்டை விரலால் அழுத்தினால் கிளட்ச் இறங்கும், விட்டால் மெல்ல ஏறும். இடது காலுக்கு வேலையே இல்லை.

தெருவில் ஓட்டிப் பார்த்தார் ஆவுடையப்பன். முதல் கியர், இரண்டு, மூன்று. வண்டி போய்த் திரும்பி வந்தது. எதிர்வீட்டு இசக்கியம்மாள் குலவை போட்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்த வேலுத்தாய், கண்ணைத் துடைக்கிறது தெரியாமலிருக்கக் கார் கண்ணாடியைத் துடைத்தாள்.

மறுநாள் வன்னியம்பட்டிப் பக்கம் கண்மாய்க்கரை ஏற்றத்துக்குப் போனார்கள். பாதி ஏற்றத்தில் வண்டி திணறியது. முதல் கியருக்கு மாற்ற வேண்டும். கட்டை விரலை அழுத்தினார். பெடல் அசையவில்லை.

"நல்லா மிதிங்கத்தான்! இன்ஜினு வேகமா ஓடுனா நல்லா இழுக்கும்!" என்று பின்னாலிருந்து கத்தினான் சமுத்திரம்.

ஆவுடையப்பன் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தார். வண்டி உலுக்கிவிட்டு அணைந்து நின்றது. பின்னால் மாட்டு வண்டியில் வந்த ராக்கப்பன், "வேணும்னா என் மாட்ட அவுத்து முன்னால கட்டவா டிரைவரே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆவுடையப்பன் தாமே தார்ப்பாயை இழுத்து மூடினார்.

"போதும்ட்டி. மொதலாளி வந்து எடுத்துக்கிடட்டும்."

அவர் உள்ளே போன பிறகு வேலுத்தாய் தார்ப்பாயைப் பாதி தூக்கினாள். தம்பியை இன்ஜினை ஓட்டச் சொல்லி, கழற்றிய குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப மிதி."

கை விடுபட்டது.

"இப்ப விடு."

கை ஒட்டியது. மூன்று தடவை பார்த்தாள். மிதித்தால் விடுகிறது, விட்டால் பிடிக்கிறது. மில் காற்றாடி வேகமாகச் சுற்றினால் வேகமாக உறிஞ்சும். அந்தப் பழக்கத்தில் அக்காளும் தம்பியும் காரையும் மில் மெஷின் என்றே நினைத்துவிட்டார்கள்.

"அப்ப ஏத்தத்துல எப்படிக்கா? மிதிக்காம ஏற முடியாதுல்லா?"

வேலுத்தாய் வாசலைப் பார்த்தாள். குழாயடியில் ஏழு குடம் வரிசையாக நின்றன.

"நம்ம தெருவுல தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்காதான் வருது. வராத நாளு நாம குடிக்காமலா இருக்கோம்? வரும்போது பிடிச்சு வைக்கோம்லா. இதையும் பிடிச்சு வையி."

உறிஞ்சுகிற பலத்தைச் சேர்த்து வைக்க, சமுத்திரம் எண்ணெய் டின் ஒன்றைக் குழாயின் நடுவில் பொருத்தி அடைத்துப் பார்த்தான். இன்ஜின் உறிஞ்சிய உறிஞ்சில் டின் டப்பென்று நசுங்கிக் காகிதமாய்ப் போனது. "யாருட்டி வெடி போட்டா?" என்று ஓடிவந்தாள் இசக்கியம்மாள். மில் ஸ்டோரில் கேட்டு வாங்கிய பழைய தீயணைப்பு சிலிண்டர் நசுங்காமல் நின்றது. உறிஞ்சியது திரும்பிப் போகாமலிருக்க, சைக்கிள் பம்பின் தோல் வாசரை ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு மாதிரி இன்ஜினுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வைத்தான். இன்ஜினை அணைத்த பிறகும் ஆறு தடவை கிளட்ச் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் வேலுத்தாய் சத்தமாக எண்ணினாள், உள்ளே படுத்திருந்தவருக்குக் கேட்கிற மாதிரி. ஆறாவது எண்ணிக்கைக்கு அவர் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வைகுண்டராஜ் பஸ்ஸில் வந்து இறங்கினார், காரில் திரும்பிப் போகிற எண்ணத்தோடு.

"ஏறுங்க மொதலாளி, நானே கொண்டாந்து விடுதேன். ஆனா கண்மாய்க்கரையச் சுத்தித்தான் போவேன்" என்றார் ஆவுடையப்பன்.

வைகுண்டராஜ் அவர் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், முன்சீட்டில் ஏறிக் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பின்சீட்டில் வேலுத்தாய். அவள் தம்பி கூட வரவில்லை. பயந்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டான்.

ஏற்றம் வந்தது. அதே இடத்தில் வண்டி திணறியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமலே கட்டை விரலை அழுத்தினார் ஆவுடையப்பன். உஸ். பெடல் இறங்கியது. முதல் கியர் விழுந்தது. விரலை விட்டார். வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறியது. கரை மேலே கண்மாய்த் தண்ணீர் தெரிந்தது.

"ஆப்பய்யா, ஆப்பு!" என்றார் வைகுண்டராஜ். நிறுத்தச் சொல்கிற அவசரத்தில் வீட்டுத் தெலுங்கு வந்துவிட்டது. இறங்கிப் பானெட்டைத் திறக்கச் சொன்னார். சிலிண்டரையும் குழாயையும் வெகு நேரம் குனிந்து பார்த்தார். மூக்கில் கரி ஒட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"எந்த மெக்கானிக் செஞ்சது? மதுரையா?"

"செஞ்சது மச்சினன். குடத்துத் தண்ணி மாதிரி பிடிச்சு வைக்கச் சொன்னது அந்தா, பின்னால உக்காந்திருக்கா."

வைகுண்டராஜ் வேலுத்தாயிடம் வந்தார். "எங்கம்மா படிச்ச?"

"மில்லுலதான்" என்றாள் அவள்.

அவர் பானெட்டைத் தாமே மூடினார். "இந்த வண்டிய நான் வாங்கிட்டுப் போனா, இந்தக் குடத்த யாரு பாப்பா? எனக்கு வண்டி வேண்டாம். லைசென்சுக்கு நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நானும் வாரேன். இன்ஸ்பெக்டர் ஓட்டிக் காட்டச் சொல்லுவாரு. இதே ஏத்தத்துக்குக் கூட்டிட்டு வா."

இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை ஏற்றிக் காட்டச் சொன்னார். இந்த வண்டியை ஓட்டலாம் என்று லைசென்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த நாள் வேலுத்தாய் டவுன் பஸ்ஸுக்குப் போகவில்லை. மில் வாசலுக்குக் காரிலேயே வந்தாள்.

"செத்தத் தள்ளியே நிறுத்துங்க, எல்லாரும் பாக்காக" என்றாள்.

"பாக்கட்டும்ட்டி" என்று கட்டை விரலை அழுத்தி, ஆவுடையப்பன் நேராகக் கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.